லூக்கா: ரயில் ஜன்னல் வழியாக

கோபாலசாமியைப் பற்றி முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம். பிறகு அதற்குச் சந்தர்ப்பம் வாய்க்காமல் போகலாம். மனிதர் வாழ்க்கையில் ஒருநாளும் எங்கேயும் தாமதமாகப் போனதில்லை. ஏழு மணிக்கு ஆபீஸ் என்றால் ஆறு ஐம்பதுக்கே அவர் கார் துபாய் அல் கூஸில் கம்பெனி வாசலில் நிற்கும். கல்யாண வீடென்றால் சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்குப் போய்ப் பந்தி எப்போது என்று கேட்பார். தாமதமானவையெல்லாம் அவர் அட்டவணை போட்டுக் கொடுத்த கட்டடங்கள் மட்டும்தான்.

அவர் தொழில் பிளானிங் இன்ஜினியர். ஒரு கட்டடத்தை எந்தத் தேதியில் தொடங்கி, எந்தத் தேதியில் எந்தக் குழாயைப் பதித்து, எந்தத் தேதியில் சாவியைக் கையில் கொடுப்பது என்று கம்ப்யூட்டரில் நீளநீளமாகக் கோடு இழுக்கிற உத்தியோகம். அதற்குச் சார்ட் என்று பெயர். துபாய்க்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் கோபாலசாமி இழுத்த கோடுகளை ஒட்டவைத்தால் அவர் பிறந்த சிங்காநல்லூர் வரைக்கும் போய்ச் சேரும். அந்தக் கோட்டின்படி குறித்த நாளில் முடிந்த கட்டடம் எத்தனை என்று மட்டும் அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அதில் அவர் தப்பும் பெரிதாக ஒன்றுமில்லை. தொழிலின் லட்சணம் அப்படி. முதலில் ஓனர் ஒரு தேதி சொல்வார். அந்தத் தேதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதை அட்டவணையின் கடைசி வரியில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வர வேண்டும். அப்படி வந்தால் நாற்பது நாள் வேலைக்கு ஏழு நாள்தான் மிஞ்சும். ஏழு என்றே போட வேண்டியது. ஓனரும் கன்சல்டன்ட்டும் கம்பெனியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "குட், வெரி குட்" என்று கையெழுத்துப் போடுவார்கள். அது நடக்காது என்பது மூவருக்கும் தெரியும். தேதி தாண்டியதும் ரிவிஷன் ஒன்று என்று திருத்திய அட்டவணை வரும். அப்புறம் ரிவிஷன் இரண்டு, மூன்று. பதினான்கு வரை போனதும் உண்டு. கட்டடம் யாரையும் கேட்காமல் தனக்கு இஷ்டப்பட்ட நாளில் முடியும். அன்றைக்கு எல்லோரும் ரிப்பன் வெட்டி, கேக் தின்று, கைகுலுக்கிக்கொள்வார்கள்.

இந்த வியாதி ஆபீஸோடு நின்றிருந்தால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். அது கராமாவில் அவர் குடியிருந்த இரண்டு அறை ஃப்ளாட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவி பத்மாவை ஊட்டிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னது ரிவிஷன் மூன்றோடு நிற்கிறது. கோயமுத்தூர்க்காரர் ஒருவர் பெண்டாட்டியை ஊட்டிக்குக் கூட்டிப்போக முடியாமல் இருபத்து நான்கு வருஷம் ஓட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். லீவு கிடைத்த வருஷமெல்லாம் சித்தப்பா மகன் கல்யாணம், அக்கா மகள் காதுகுத்து, புதுவீட்டுக்குக் கிரகப்பிரவேசம் என்று ஊருக்கே போய், பந்தி விசாரித்து, வெந்து திரும்பினார்கள். "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்பது அந்த வீட்டில் ஏசியின் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் காதில் விழாது.

பத்மாவின் தொழிலும் நேரத்தை வைத்துத்தான். கராமாவிலேயே ஒரு பல் கிளினிக்கில் பதினோரு வருஷமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை பத்தரை என்று அவள் ஒருவருக்கு நேரம் கொடுத்தால், திங்கட்கிழமை பத்தரைக்கு அந்த ஆள் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருப்பார். ரிவிஷன் என்ற பேச்சே கிடையாது. ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் குடித்தனம் நடத்தியதுதான் ஆச்சரியம்.

அவள் மேசைக்குப் பின்னால் சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. முட்டை வடிவத்தில் ஒரு சதுக்கம், சுற்றிலும் மஞ்சள் பூசிய பழைய வீடுகள், நடுவில் ஒரு குட்டி மேசை, இரண்டு நாற்காலிகள். ஆள் யாரும் இல்லை. எதிரே காத்திருக்கிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்துவிட்டு, இது எந்த ஊர் என்று கேட்பார்கள். "இத்தாலிங்க" என்பாள் பத்மா. அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது. பதினோரு வருஷமும் அவள் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருந்தாள்? போன வருஷம் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் படத்தைக் கழற்றியபோதுதான் பின்பக்கம் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படித்தாள். லூக்கா.

இந்த வருஷம் அக்டோபர் பதினான்காம் தேதி பத்மாவுக்கு ஐம்பது வயது. ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் புருஷன் தட்டில் மூன்றாவது தோசையை வைத்துவிட்டு, வாயைத் திறந்து கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க, அம்பதாவது பொறந்த நாளுக்கு எனக்கு நகை வேண்டாம், சீலை வேண்டாம். இத்தாலிக்குப் போலாமுங்களா? அந்த லூக்காவுல போய், குளிருக்குக் கோட்டு போட்டுட்டு, சித்த நேரம் உக்காரோணும். யாராச்சும் காப்பி கொண்டுவந்து குடுக்கோணும். அவ்வளவுதான்."

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் கராமாக் கடை ஒன்றில் தள்ளுபடியில் வாங்கிய கம்பளிக் கோட்டு, அரக்கு நிறம். துபாய் வெயிலில் அதை எங்கே போடுவது? அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருதரம் பத்மா அதை எடுத்து உதறி, கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்துவிட்டு, வேர்த்து ஊற்றியதும் திருப்பி மாட்டிவிடுவாள்.

கோபாலசாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இத்தாலிதானே? போயிரலாம். நானே பிளான் போட்டர்றேன்" என்றார். பத்மா அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பாவம், சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

ஏப்ரலில் தொடங்கிய பிளான் ஆகஸ்ட்டில் முடிந்தது. கடல் கடந்து படையெடுத்தவன்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டான். ஏழு நாள், ஏழு ஊர்: ரோம், ப்ளாரன்ஸ், பைசா, பொலோனியா, வெனிஸ், வெரோனா, மிலான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், பொறுப்பு யார் என்று மூன்று கட்டம். ரோமில் கொலோசியத்துக்கு எழுபத்தைந்து நிமிஷம். பைசாவில் சாய்ந்த கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோல் போட்டோ எடுக்க எட்டு நிமிஷம். அவர் தாங்க நான்கு, பத்மா தாங்க நான்கு. ஐஸ்கிரீமுக்குப் பன்னிரண்டு நிமிஷம், குளிர்காலம் தொடங்குவதால் சீக்கிரம் உருகாது என்ற குறிப்போடு. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கரில் உப்புமா, இருபத்தைந்து நிமிஷம், பொறுப்பு: பத்மா. பாத்திரம் கழுவுதல், பொறுப்பு: பத்மா. பாஸ்போர்ட் பை, பொறுப்பு: பத்மா. நேரம் பார்த்தல், பொறுப்பு: கோபாலசாமி.

பிறந்தநாளையும் அவர் மறந்துவிடவில்லை. அட்டவணையில் அதற்கும் ஒரு வரி இருந்தது: "அக்டோபர் 14, மாலை 4.40 முதல் 4.55 வரை, கேக் வெட்டுதல். இடம்: பொலோனியா ரயில் நிலையம், மூன்றாம் பிளாட்பாரம்." வெனிஸுக்கு ரயில் மாறும் இடைவெளியில் அதை அழகாகச் செருகியிருந்தார். கத்தியை விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்பதால் பிளாஸ்டிக் கத்தி என்றுகூட எழுதியிருந்தார். அவ்வளவு அக்கறை.

இந்தக் காவியத்தை முதலில் படித்தவர் கனகரத்தினம். பருத்தித்துறைக்காரர், கம்பெனியில் வருகிற போகிற காகிதங்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, ரிவிஷன் முத்திரை குத்தி, ஃபைலில் சேர்க்கிறவர். கோபாலசாமியின் அட்டவணைகளைப் பதினைந்து வருஷமாகப் புதைத்துவரும் மனிதர் என்றும் சொல்லலாம்.

"அண்ணை, எல்லாம் வடிவா இருக்கு. இதில மூச்சு விடுறது எத்தினை மணிக்கு?" என்று கேட்டார் கனகரத்தினம்.

"வரிக்கு வரி நடுவுல ரெண்டு ரெண்டு நிமிஷம் சும்மா விட்டிருக்கேன் பாருங்க."

"அக்கா பாவம்" என்றார் கனகரத்தினம். கோபாலசாமிக்கு அது பாராட்டாகவே கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அட்டவணையை விரித்தார். பத்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் படித்தாள். மூன்றாம் பிளாட்பாரத்தில் விரல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்தது.

"லூக்கா எங்கீங்க?"

"இதோ. நூத்தி எழுபத்தி மூணாவது வரி." பென்சிலால் தட்டிக் காட்டினார். "ப்ளாரன்ஸிலிருந்து பைசாவுக்குப் போற ரயில் அந்த வழியாத்தான் போகுது. ரெண்டு நிமிஷம் நிக்கும். ஜன்னல் வழியாப் பாத்துக்கலாம்."

"ஜன்னல் வழியாவுங்களா?"

"அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல பத்மா. நெட்டுல நல்லாத் தேடிட்டேன். ஊரைச் சுத்தி ஒரு மதிலு, மதிலு மேல மரம். சும்மா உக்கார்றதுக்கு இத்தாலி வரைக்கும் போகோணுமா? அதை இங்கயே உக்காரலாமே."

குக்கர் விசில் அடித்தது, பத்மா போய் அணைத்தாள். மனைவி ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று கோபாலசாமி அந்த வரிக்குப் பச்சை நிறம் அடித்தார்.

இனி, அக்டோபர் பத்தாம் தேதி கிளம்புவதென்று அவர் எப்படி முடிவுசெய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். மொத்தக் கூத்தும் அதிலேதான் இருக்கிறது. கம்பெனி அப்போது அல் கூஸில் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கு கட்டிக்கொண்டிருந்தது. மீனும் இறைச்சியும் உறையவைத்து அடுக்குகிற கிடங்கு. அதற்குச் சார்ட் போட்டவர் சாட்சாத் கோபாலசாமி. அதன் கடைசி வரியில் செப்டம்பர் 30, கிடங்கு ஒப்படைப்பு என்று இருந்தது. ஒப்படைத்து முடித்தால் அக்டோபரில் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் லீவு, லீவென்றால் இத்தாலி. புராஜெக்ட் மேனேஜர் அஸீம் ஹைதராபாத்காரர். அவரிடம் போய் அந்தச் சார்ட்டையே விரித்துக் காட்டி லீவு கேட்டார். அஸீம் சார்ட்டைப் பார்த்தார், கோபாலசாமியைப் பார்த்தார், இந்த ஆள் விளையாடுகிறாரா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, "அச்சா, கோபால் பாய். ஹேண்டோவர் ஆனதும் ஜாவ்" என்று கையெழுத்துப் போட்டார்.

கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வந்தது. விசா சென்டரில் இருவரும் விரலை அழுத்தி, போட்டோவுக்கு முறைத்து, காகிதங்களைக் கொடுத்தார்கள். பயணத் திட்டம் ஒரு பக்கம் போதும் என்றாள் கவுன்ட்டர் பெண். கோபாலசாமி பதினொரு பக்கத்தையும் வைத்துக்கொள்ளும்படி கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் விசா வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை நுழையலாம், அக்டோபர் மாதம் முடிவதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்று தேதி அச்சடித்திருந்தது. பத்மா தன் பாஸ்போர்ட்டை அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, கோட்டுப் பைக்குள் போட்டு வைத்தாள்.

செப்டம்பர் இருபதாம் தேதி குளிர்பதனக் கிடங்கு எப்படி இருந்தது? வெளியே நாற்பது டிகிரி, உள்ளே முப்பத்தெட்டு. மீன் வைத்தால் ஒரு மணி நேரத்தில் குழம்பு தயார். குளிர் இயந்திரம் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அதை மாட்டி, ஓட்டிப் பார்த்து, சோதனை முடிப்பதற்குச் சார்ட்டில் ஏழு நாள் போட்டிருந்தது. நாற்பது நாள் வேலை.

அஸீம் கூப்பிட்டனுப்பினார். "கோபால் பாய், லீவ் மாஃபி, கிடையாது."

"சார், விசா வந்துருச்சு, டிக்கெட்..."

"ஓனர் ஃபைன் போடுவான். லேட் ஆனது நம்ம தப்பு இல்லைன்னு க்ளெய்ம் எழுதணும். அக்டோபர் தேர்ட்டி ஒன் லாஸ்ட் டேட். உன்னை விட்டா யாருக்குத் தெரியும் ஏன் லேட்னு? ஃபுல் சார்ட் உன்னோடதுதானே? ஹலாஸ், பேச்சு முடிஞ்சுது. யல்லா, ஸ்டார்ட் பண்ணு."

அட்டவணை ஏன் பலிக்கவில்லை என்று அட்டவணை போட்டவரே முந்நூறு பக்கத்துக்கு எழுத வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு பிளானருக்குக் கையும் காலும் ஓடாத அளவுக்கு வேலை வருவது அவர் பிளான் குட்டிச்சுவரான பிறகுதான். கோபாலசாமி தன் மேசைக்கு வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனகரத்தினம் தேநீர்க் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. செப்டம்பர் முப்பது எண்டு போட்டது நீங்கள்தானே?"

"ஆமா."

"டெஸ்டிங்குக்கு ஏழு நாள் எண்டு போட்டதும் நீங்கள்தானே?"

"ஆமாங்க."

"அது நடவாது எண்டு எனக்குத் தெரியும். அஸீமுக்குத் தெரியும். ஓனருக்குத் தெரியும். இஞ்சை தேத்தண்ணி போடுற ஆளுக்கும் தெரியும். உங்கட சார்ட்டை நீங்களே நம்பி டிக்கெட் எடுத்தனீங்களோ?"

கனகரத்தினம் கிண்டலாகக் கேட்கவில்லை. மனிதருக்கு உண்மையிலேயே புரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் தன் தேதி ஒன்றைக் கோபாலசாமி நம்பியது இதுவே முதல் தடவை. ஏன் நம்பினார்? அக்டோபர் பதினான்கைக் கடைசி வரியில் எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வந்திருந்தார். அந்த நாளுக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைக்குப் பெயர்தான் சார்ட் என்று அன்றைக்கு முதன்முதலாக அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டவர் நேரே வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதுதான் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து இத்தாலி அட்டவணைக்கு ரிவிஷன் ஒன்று போட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் பத்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தபோது, அடுப்படி வாசலில் காகிதத்தோடு வந்து நின்றார்.

"பத்மா, ஒரு சின்ன ரிவிஷன்."

உருட்டுக்கட்டை நின்றது.

"ஏப்ரல்ல இத்தாலி இன்னும் நல்லா இருக்குமாம். ஊரெல்லாம் பூவாப் பூத்திருக்குமாம். ஏழு ஊரை ஒம்பது ஊராவும் ஆக்கிட்டேன்."

"எனக்கு ஏப்ரல்லீங்களா அம்பது முடியுது?"

"கம்பெனியில விடமாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

பத்மா கையைக் கழுவினாள். உள்ளே போய்க் கோட்டுப் பைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, சீட்டு வைத்த பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுல தேதி அச்சடிச்சிருக்காங்க, பாருங்க. இது உங்க சார்ட்டு இல்லீங்க, திருத்தறதுக்கு." ஒரு கணம் நிறுத்தினாள். "நான் போறனுங்க."

"தனியாவா? பாஷை தெரியாது, வழி தெரியாது..."

"துபாய்க்கு வந்தப்ப எனக்கு என்ன பாஷைங்க தெரியும்? இன்னிக்கு மலையாளி, பட்டாணியன், பிலிப்பைன்ஸ்காரி அத்தனை பேரையும் வாயைத் தொறக்க வெக்கறது நான்தானுங்க." உருட்டுக்கட்டையைத் திரும்ப எடுத்தாள். "நீங்க போட்ட தேதியில ஒரு வேலையாச்சும் நடக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். சாதாரணமாகச் சொன்னாள், வந்தவரிடம் டாக்டர் இன்றைக்கு லீவு என்று சொல்வதுபோல. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அக்டோபர் பத்தாம் தேதி காலையில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால். அதில் ரிவிஷன் கிடையாது. வழியெல்லாம் அறிவுரை. இறங்கும்போது, அட்டவணையைப் பெரிய தாளில் அச்சடித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டி, தண்ணீர் பட்டாலும் கெடாதபடி தயாரித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். பத்மா அதை மடிக்கப் பார்த்தாள். மடியவில்லை.

"இது பெட்டியில அடங்காதுங்க. போன்லதான் அனுப்பியிருக்கீங்களே" என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ரைஸ் குக்கர் காரின் பின் சீட்டிலேயே இருந்ததை அவர் ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தார்.

அடுத்த நான்கு நாள் கோபாலசாமி ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தார். ஒரு பக்கம், கிடங்கு ஏன் தாமதமானது என்று க்ளெய்ம். இன்னொரு பக்கம், பிளாஸ்டிக் அட்டவணையை மேசைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு இத்தாலியை நடத்தினார். இத்தாலி நேரம் துபாய்க்கு இரண்டு மணி பின்னால் என்று ஒரு தனிக் கடிகாரம் வேறு. "பத்மா, 9.40 ரயில், நாலாவது பெட்டி" என்று மெசேஜ் போடுவார். "சரிங்க" என்று பதில் வரும். "ப்ளாரன்ஸ் வந்தாச்சா? மியூசியத்துல வலது பக்கம் திரும்பு." "சரிங்க." "இப்ப பைசா. கோபுரத்தைத் தாங்கு. யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லு." "சரிங்க." போட்டோ மட்டும் ஒன்றுகூட வரவில்லை. ரோமிங்கில் படம் போகாது என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். வரிக்கு வரி முடிந்தது, முடிந்தது என்று டிக் அடித்துக்கொண்டே வந்தார். வாழ்க்கையில் இப்படி நூலிழை பிசகாமல் ஓடிய பிளானை அவர் கண்டதில்லை. கனகரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தீங்களா? ஆள் ஒழுங்கா இருந்தா சார்ட்டு ஓடும்."

பதினான்காம் தேதி, இத்தாலி நேரம் சரியாக நான்கு நாற்பது. மூன்றாம் பிளாட்பாரம். கோபாலசாமி கம்பெனி மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையைச் சீவி, வீடியோ காலில் கூப்பிட்டார்.

பத்மாவின் முகம் வந்தது. அரக்குக் கோட்டு. கன்னமெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. பின்னால் ரயில் இல்லை, பிளாட்பாரம் இல்லை. வளைந்து போகும் மஞ்சள் வீடுகள் தெரிந்தன.

"ஹேப்பி பர்த்டே பத்மா! எங்க இருக்கே? பொலோனியா ஸ்டேஷனா அது?"

"லூக்காங்க."

அவர் அட்டவணையைப் பார்த்தார். "லூக்கா நேத்தே முடிஞ்சுருச்சே. அங்க ரயில் ரெண்டு நிமிஷம்தானே நிக்கும்?"

"ரயில் போயிருச்சுங்க. நான் எறங்கி நாலு நாளாச்சு."

"நாலு நாளா? ரோம்? ப்ளாரன்ஸ்? கோபுரம்?"

"ரோம்ல ஒரு ராத்திரி தூங்குனனுங்க. மறுநா இங்க வந்துட்டன். ஹோட்டலையெல்லாம் பிருந்தா போன்லயே மாத்திக் குடுத்துட்டா."

பிருந்தா அவர்கள் மகள், சென்னையில் படிக்கிறவள். ஐந்து மாதம் பாடுபட்டுப் போட்ட பிளானை அரை மணி நேரத்தில் போனிலேயே பிரித்துப் போட்டிருக்கிறாள். அப்பனும் மகளும் ஒரே ரத்தம் என்று யார் சொன்னது?

"நாலு நாளா அங்க என்னதான் பண்றே?"

"உக்காந்திருக்கறனுங்க." பத்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ. "காலையில மதிலு மேல நடப்பனுங்க. மரமெல்லாம் மஞ்சளா இருக்குது, எலை கொட்டுது. பொறவு இங்க வந்து உக்காருவன். ஒரு தம்பி காப்பி கொண்டாந்து வெக்கறான். நான் எந்திரிக்கறதே இல்லீங்க."

கோபாலசாமிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. திட்டுவதற்காகப் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். அவளுக்கு எதிரே அந்தக் குட்டி மேசை தெரிந்தது, கிளினிக் படத்தில் இருந்ததேதான். மேசைமேல் ஒரு கோப்பை.

"அந்தப் படத்துல ரெண்டு நாற்காலி இருக்குமே?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க. மொத நாளு அந்தத் தம்பி வந்து, ஆளு வருவாங்களான்னு கேட்டான். வருவாருங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பறம் இல்லீன்னு சொன்னனுங்க. எடுத்து வேற மேசைக்குப் போட்டுட்டான். அவங்களுக்கு ஆளு இருந்தாங்க."

எங்கோ ஒரு மணி அடித்தது; லூக்காவில்தான். "காப்பி ஆறுதுங்க, வெக்கட்டுமா?" என்று கேட்டு, பத்மா போனை வைத்தாள்.

அவர் வெளியே வந்தபோது கனகரத்தினம் ஆவலாக நின்றுகொண்டிருந்தார். "என்னண்ணை, கேக் வெட்டியாச்சோ?"

"வெட்டியாச்சுங்க" என்றார் கோபாலசாமி. நான்கு நாளாக அடித்த டிக்குகளில் ஒன்றுகூட நிஜமில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பதினேழாம் தேதி சொன்ன நேரத்துக்குப் பத்மா வந்து இறங்கினாள். மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு ஆபீஸுக்குப் போன கோபாலசாமி, க்ளெய்மை ஒதுக்கி வைத்துவிட்டு, இத்தாலி அட்டவணையைத் திறந்தார். தொழில் பழக்கம், முடிந்த வேலையை முடிந்ததென்று பதிவு செய்யாமல் அவரால் இருக்க முடியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு வரியில் முந்நூற்றுப் பதினொன்றை அழித்தார். நூற்று எழுபத்து மூன்றாவது வரி மட்டும் நின்றது. அதில் ஜன்னல் வழியாக என்பதை எடுத்துவிட்டு, உட்காருதல் என்று எழுதினார். கிளம்ப வேண்டிய தேதி பத்து, கிளம்பியது பத்து. திரும்ப வேண்டிய தேதி பதினேழு, திரும்பியது பதினேழு. அவர் போட்ட தேதியில் தொடங்கி, அவர் போட்ட தேதியிலேயே முடிந்த முதல் வேலை அது.

கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி இருந்தது. பொறுப்பு: கோபாலசாமி, பத்மா என்று இரண்டு பெயர் போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரை அழித்தார்.